அஞ்சலைக்கு வந்த டிரங்க் கால்

சபையின் பெரியவர்களுக்கும் என் வயதுப் பிள்ளைகளுக்கும் ஸ்தோத்திரம். நம் மாதத் தாளுக்கு என் சாட்சியை எழுதித் தரும்படி போதகர் ஐயா இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "வேலை கெடச்சத எழுதும்மா, புள்ளைங்களுக்கு ஒரு தைரியமா இருக்கும்" என்பார். வேலை கிடைத்ததை எழுத அரைப் பக்கம் போதும். ஆனால் அதற்கு முன்னால் நான் செய்த ஒரு காரியத்தை மறைத்துவிட்டு அந்த அரைப் பக்கத்தை எழுத எனக்கு மனம் வரவில்லை. போன வாரம் அம்மாவிடம் கேட்டேன். "எழுது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு டெலிபோன் மணிச் சத்தம் ஆகாது. 1983 மே மாதத்திலிருந்து ஆகாது.

அப்போது பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். எங்கள் ஊர் ஒலக்கூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் தினமும் திண்டிவனம் போய் ஒரு மல்லாட்டை மண்டியில், அதாவது நிலக்கடலை வாங்கி விற்கிற கிடங்கில், கூலி வேலை செய்தார்கள். அப்பா மூட்டை தூக்குவார். அம்மா மற்றப் பெண்களோடு உட்கார்ந்து சொத்தைப் பருப்பைப் பொறுக்குவாள். லீவு விட்டால் நானும் போவேன்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இரண்டு பெயர். நம் சபையில் பாதிப் பேருக்கு இதை விளக்க வேண்டியதில்லை, வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஞானஸ்நானப் பெயர் அப்பாவுக்கு சாலமோன், எனக்கு எஸ்தர். தாலுகா ஆபீஸ் காகிதத்தில் அப்பா முனியன், நான் அஞ்சலை. சபைப் பெயர் காகிதத்தில் ஏறினால் கிறிஸ்தவர் என்று தெரிந்துவிடும், தாழ்த்தப்பட்டவர் என்று படிப்புக்கு வரும் உதவித்தொகை நின்றுவிடும், ஹாஸ்டலில் இடமும் கிடைக்காது. பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனுக்கு யாரோ மொட்டைக் கடுதாசி போட்டு அப்படித்தான் ஆனது. அதைக் கேட்டதிலிருந்து அப்பாவுக்கு ஒரே பயம்.

"மண்டியில நாம சாலமோன் வூடு. அங்க எவன் வந்து முனியன்னு கேட்டாலும் வாயத் தொறக்காதே. ஆபீஸ்ல இருந்து வேவு பாக்க வருவானுங்க. அப்புறம் உன் காலேஜ் அவ்ளோதான்" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருந்தார்.

அந்த மே மாதம் அப்பாவுக்கு வயிற்று வலி அதிகமானது. ஒரு திங்கட்கிழமை தனியாகவே பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போனார். சாயந்தரம் அவர் வரவில்லை. ஊர்க்காரர் ஒருவர் வந்து, "ரெண்டு நாள் வெச்சிப் பாக்கறாங்களாம், பேஜாரு படாதீங்கன்னு சொல்லச் சொன்னாரு" என்றார். புதன்கிழமை போய்ப் பார்ப்பது என்று அம்மா முடிவு செய்தாள். செவ்வாய்க்கிழமை அவள் உள்ளூரில் களை எடுக்க ஒப்புக்கொண்டிருந்தாள். மண்டிக்கு நான் மட்டும் போனேன்.

மத்தியானம் மண்டி போன் அடித்தது. கணக்குப்பிள்ளை ஏகாம்பரம் எடுத்தார். மல்லாட்டை உடைக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "முனியன் வூட்டாளுங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கத்தினார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் ஊரிலிருந்து அன்றைக்கு வந்திருந்தது நான் ஒருத்திதான். நான் குனிந்து பருப்பைப் பொறுக்கினேன்.

மறுபடியும் கேட்டார். இந்த முறை என்னை நேராகப் பார்த்தார். "எஸ்தரு, உனக்குத் தெரியுமா?"

"தெரியாது அண்ணே."

ஆபீஸிலிருந்து வேவு பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறாரே என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது. தோன்றவே இல்லை என்று எழுதினால் அது பொய். சர்க்கார் இடம் எதுவானாலும் அங்கே அவர் முனியன்தான் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தோன்றியதை அப்படியே அமுக்கிவிட்டேன். எனக்கு அப்போது காலேஜ் பெரிதாக இருந்தது.

புதன்கிழமை காலையில் அம்மா போனபோது அப்பா இல்லை. முந்தின நாள் சாயந்தரமே போய்விட்டார். பக்கத்தில் யாரும் இல்லை. வார்டில் இருந்த நர்ஸ் அம்மாவிடம் விவரம் சொன்னாராம். வலி அதிகமானதும் அப்பா மண்டி நம்பரை மனப்பாடமாகச் சொல்லி வீட்டுக்குத் தகவல் சொல்லச் சொல்லியிருக்கிறார். நர்ஸ் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த முனியன் என்ற பெயரைச் சொல்லி போன் செய்துவிட்டு வந்ததும், "இன்னா சொன்னாங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார். "அப்படி யாரும் இங்கே இல்லைன்னுட்டாங்க ஐயா" என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். "சரிம்மா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.

இதை அம்மா எத்தனை முறை சொல்லி அழுதிருப்பாள் என்று கணக்கில்லை. "அத்தினி பேரு இருந்த எடத்துல ஒருத்தருக்கும் தெரியாம போச்சே" என்பாள். என்னைப் பார்த்து, "நீ எங்கடி இருந்தே?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "தண்ணி குடிக்கப் போயிருந்தேம்மா" என்றேன். அவள் நம்பினாள். மண்டியில் போய் அவளால் நியாயம் கேட்கவும் முடியவில்லை. கேட்டால் இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று தெரிந்துவிடும். அந்த வருடம்தான் நான் காலேஜில் சேர்ந்தேன். ஏகாம்பரம் சரியாக விசாரிக்காமல் போனை வைத்துவிட்டார் என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவரோடு அவள் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அவருக்கோ காரணமே தெரியாது. நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

விழுப்புரத்தில் பி.காம் சேர்ந்து ஹாஸ்டலில் தங்கினேன். பிரின்சிபால் அறையில் போன் அடித்தால் வராந்தாவில் வேகமாக நடந்து தாண்டிவிடுவேன். ஐஸ் வண்டி மணி அடித்தாலும் தூக்கிவாரிப் போடும். தூக்கத்தில் போன் அடிக்கும். எடுத்துக் காதில் வைப்பேன். யாரும் பேச மாட்டார்கள். ஓர் ஆள் கட்டிலில் புரண்டு படுக்கிற சத்தம் மட்டும் கேட்கும். லெந்து என்கிற தவக்காலத்தில் சபையில், இயேசுவைத் தெரியாது என்று சீஷன் சொன்னதும் சேவல் கூவுகிற பகுதியை வாசிக்கத் தொடங்கினால் எழுந்து வெளியே போய்விடுவேன். எனக்கு ஒற்றைத் தலைவலி என்று எல்லோரும் நினைத்தார்கள்.

1986 பிப்ரவரியில், கடைசி வருடம் படிக்கும்போது, எங்கள் பேராசிரியர் தாமோதரன் சார் என்னைக் கூப்பிட்டார். மெட்ராஸில் லாரிகளுக்குத் தவணைக் கடன் கொடுக்கிற ஒரு பைனான்ஸ் கம்பெனி கோடை விடுமுறையில் மாணவர்களுக்கு இரண்டு மாதம் பயிற்சி தருகிறதாம். நன்றாகச் செய்தால் அங்கேயே வேலையும் உண்டாம்.

"நம்ம காலேஜ்ல ஒரே ஒரு பேரு கேட்டாங்க அஞ்சலை, உன் பேரைக் குடுத்துட்டேன்" என்றார். "இன்டர்வியூ போன்ல. அங்க வேலையே போன்லதான், ஊர் ஊரா இருக்கிற கிளை ஆபீஸோட பேசி விவரம் எழுதணும். அதனால போன்ல பேச வருதான்னு போன்லயே பாத்துடுவாங்களாம்."

சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவர் நீட்டிய படிவத்தைத் தயங்கித்தான் வாங்கினேன். படிவத்தில் கடைசி வரி டெலிபோன் நம்பர். இன்டர்வியூ நாள் படிப்பு விடுமுறையில் வருவதால் காலேஜ் போன் உதவாது. சார் எதிரில் நின்றுகொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த நம்பர் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதை எழுதி, பக்கத்தில் பி.பி. என்றும் போட்டேன். அந்தக் காலத்தில் அடுத்தவர் போனுக்கு ஆளைக் கூப்பிட்டுப் பேச வேண்டுமானால் அப்படித்தான் எழுதுவது வழக்கம். எழுதி முடித்த பிறகுதான் அது மண்டி நம்பர் என்று உறைத்தது. அதற்குள் சார் படிவத்தை வாங்கி உறையில் போட்டுவிட்டார்.

பதில் வந்தது. ஏப்ரல் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு என் பெயருக்கு பி.பி. கால் வரும். எக்ஸ்சேஞ்ச் வழியாக வருகிற வெளியூர் டிரங்க் கால் என்பதால் பெயர் சொல்லிக் கேட்கிற ஆள் இல்லையென்றால் ஆபரேட்டர் காலை ரத்து செய்துவிடுவார்.

ஹாஸ்டலில் என் அறைத்தோழி குணா என்னைத் தயார் செய்தாள். நோட்டில் முப்பது கேள்விகள் எழுதினோம். தேய்மானம் என்றால் என்ன, வாங்கிய லாரி கடைசித் தவணை கட்டும்வரை யாருக்குச் சொந்தம், உங்களைப் பற்றி இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சார் கேட்டால் சொல்வேன், கண்ணாடி முன்னால் நின்று சொல்வேன். குணா ஒரு எவர்சில்வர் டம்ளரைக் காதில் வைத்துக்கொண்டு, இன்னொன்றை என்னிடம் கொடுத்து, "டிரிங், டிரிங்" என்பாள். அவ்வளவுதான், டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றுவிடுவேன்.

"ஏன்டி, கேள்வி கேட்டா டாண் டாண்ணு சொல்ற. மணியடிச்சா மட்டும் பேயறஞ்சவ மாதிரி நிக்கிற. இன்னா ஆச்சு உனக்கு?" என்றாள். ஒரு நாள் சிரித்தாள், ஒரு நாள் திட்டினாள். கடைசியில் பயந்துபோய் வேப்பிலை அடிக்கலாமா என்று கேட்டாள். நான் அவளிடமும் சொல்லவில்லை.

ஊருக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என்னை நடுவில் முழங்கால் போடச் சொல்லி எல்லோரும் ஜெபித்தார்கள். உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு முன்னால் ஆளாளுக்கு யோசனை வேறு. தெபோராள் அத்தை, "மெட்ராஸ் இன்னா பக்கத்துலயா கீது? அடித் தொண்டையில இருந்து கத்தணும், அப்பத்தான் போய்ச் சேரும்" என்றார்கள். கத்திக் காட்டவும் சொன்னார்கள். கத்தினேன். போதாது என்றார்கள்.

பிறகு நாற்பது பேர் என் தலைமேல் கை நீட்டி, இந்தப் பிள்ளை நல்லபடியாகப் பேச வேண்டும் என்று சத்தமாகக் கேட்டீர்கள். நடுவில் நான் கண்ணை மூடிக்கொண்டு வேறொன்று கேட்டுக்கொண்டிருந்தேன். "ஆண்டவரே, அந்த போன் செத்துப்போக வேண்டும். அது அடிக்கவே கூடாது." அன்றைக்கு உங்கள் எல்லோரையும் ஏமாற்றினேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

என் ஜெபம்தான் முதலில் கேட்கப்பட்டது. செவ்வாய்க்கிழமை அம்மாவோடு மண்டிக்குப் போனேன். ஏகாம்பரம் ரிசீவரைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஹைவேல லாரிக்காரன் கம்பத்துல உட்டுட்டானாம். லைன் செத்துப்போச்சு. உன் போன் வர்றது சந்தேகம்தான் எஸ்தரு" என்றார். எனக்கு உடம்பெல்லாம் லேசானது. கேட்ட இரண்டாம் நாளே கொடுத்தாரே என்று ஸ்தோத்திரம் சொன்னேன். நாற்பது பேரின் ஜெபத்தைத் தள்ளிவிட்டு என்னுடையதைக் கேட்டார் என்று ஒரு பெருமைகூட வந்தது.

அந்தப் பெருமை ஒரு மணி நேரம் இருந்தது. கன்னியப்பன் என்று ஒரு விவசாயி மண்டிக்கு வந்தார். மல்லாட்டை போட வந்தவர் இல்லை, போனுக்காக வந்தவர். அவர் மகளுக்குத் தலைப்பிரசவம். செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பிள்ளை குறுக்கே இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். சம்சாரம் மகளோடு போய்விட்டது. இவருக்கு மாடு கன்றைப் பார்க்க வேண்டும், அதனால் மருமகன் மண்டிக்கு போன் செய்வதாக ஏற்பாடு.

போன் செத்துவிட்டது என்று சொல்லியும் அவர் போகவில்லை. ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்துபோய் ரிசீவரை எடுத்துக் காதில் வைப்பார். ஒன்றும் இல்லாததைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு மெதுவாக வைப்பார். "இன்னும் உசிரு வரலீங்களே" என்பார். மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. நான்கு மணிக்கு ஏகாம்பரம், "ஊட்டுக்குப் போய்ட்டு நாளைக்கு வாங்க பெரியவரே" என்றார்.

"நான் போனப்புறம் அடிச்சுதுன்னா? அப்படி ஒருத்தன் இங்க இல்லன்னு சொல்லிடுவீங்களே" என்றார் கன்னியப்பன்.

எனக்குக் கையில் இருந்த பருப்பு கீழே கொட்டிவிட்டது. மூன்று வருடம் போனின் அந்தப் பக்கத்தில் இருந்த அப்பாவின் கட்டிலையே நினைத்துச் செத்தேன். இப்போது இந்தப் பக்கம் ஒரு தகப்பன் உட்கார்ந்திருக்கிறார், என் வாயிலிருந்து போன ஜெபத்தால் அவர் மகளின் செய்தி நின்று கிடக்கிறது. லாரிக்காரனின் தவறு என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எடுத்துக்கொள்ளும், ஆண்டவரே, நான் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று உள்ளுக்குள் அழுதேன். அப்போது எனக்கு ஒன்று விளங்கியது. வாயைத் திறக்க வேண்டியது போனில் அல்ல. அதற்கு முன்னால் வேறு இடத்தில்.

அன்று சாயந்தரம் ஒலக்கூரில் ரயிலை விட்டு இறங்கி வரப்பு வழியாக வீட்டுக்கு நடந்தோம். அம்மா முன்னால் போனாள். முகம் தெரியாதது எனக்கு வசதியாக இருந்தது.

"அம்மா, அன்னிக்கு நான் தண்ணி குடிக்கப் போவல. அங்கதான் இருந்தேன்."

அவள் நின்றாள். திரும்பவில்லை. "எந்த அன்னிக்கு?" என்று கேட்கவும் இல்லை.

"ஏகாம்பரம் உன்னியப் பாத்துக் கேட்டானா?"

"கேட்டாரும்மா. பேர் சொல்லிக் கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"தெரியாதுன்னு சொன்னேன்."

கையில் இருந்த பையைக் கீழே வைத்தாள். வரப்பிலேயே உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வரவில்லை. நேராக நம் சபைக் கோயிலுக்குப் போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். நான் போய்க் கூப்பிட்டேன். காது கேட்காதவள் மாதிரி இருந்தாள்.

புதன்கிழமை முழுவதும் அவள் என்னோடு பேசவில்லை. எனக்குத் தட்டில் சோறு இருந்தது, அவள் போட்டதுதான், ஆனால் தட்டை என் பக்கம் நகர்த்தவில்லை. நான் நோட்டைப் பிரிக்கவே இல்லை. இரண்டே விஷயம் கேட்டு ஜெபித்தேன். அந்த லைனுக்கு உயிர் வர வேண்டும், மணி அடித்தால் எனக்குப் பேச்சு வர வேண்டும். அம்மா மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

வியாழக்கிழமை அவள் பத்தடி முன்னால் நடந்தாள். ரயிலில் வேறு பலகையில் உட்கார்ந்தாள். மண்டிக்குப் போனால் லைன் வந்திருந்தது. கம்பத்தை முந்தின நாளே நட்டுவிட்டார்களாம். கன்னியப்பன் எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். ஒன்பதே முக்காலுக்கு மணி அடித்தது. அவர் ஓடிப்போய் வாங்கினார். கேட்டார். "பொண்ணாம்! ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்களாம்! ரெண்டு பேரும் சௌக்கியமாம்!" என்று எங்களைப் பார்த்துக் கத்தினார். பிறகு போன் மேசையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. என் வேலைகூட அப்போது மறந்துவிட்டது.

பத்தரை தாண்டியது. எனக்கு வருகிற கால் அஞ்சலை பெயரில் வரும் என்று ஏகாம்பரத்திடம் நான் சொல்லி வைக்கவில்லை. முட்டாள்தனம்தான். மூன்று வருடப் பயம் வாயைக் கட்டியிருந்தது. பக்கத்திலேயே நின்று, அடித்ததும் நானே எடுத்துவிடலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். அடித்தபோது கை எழவில்லை. அவர் எடுத்துவிட்டார்.

"ஆமாங்க, திண்டிவனம்தான்... யாரு? அஞ்சலையா? அப்படி யாரும் இங்க இல்லீங்களே. எதுக்கும் கேக்கறேன் இருங்க." திரும்பினார். "அஞ்சலைன்னு யாராச்சும் இருக்கீங்களா?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். "எஸ்தரு, உனக்குத் தெரியுமா?"

வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். காற்றுதான் வந்தது. இயேசப்பா, இயேசப்பா என்று மனம் கதறுகிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடக்கிறது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ரிசீவரை வாயருகே கொண்டுபோனார். "இல்லீங்க..."

"வெச்சிடாதீங்க!"

பருப்புக் குவியலிலிருந்து அம்மா எழுந்து நின்றாள். மடியில் இருந்த முறம் கவிழ்ந்து விழுந்தது. "வெச்சிடாதீங்க! அது எம் பொண்ணுங்க. முனியன் பொண்ணு அஞ்சலை. எம் புருஷன் பேரு முனியன். சாலமோனும் அவருதான், முனியனும் அவருதான். இவ எம் பொண்ணு, இங்கதான் நிக்கிறா!"

யாரோ மிஷினை நிறுத்திவிட்டார்கள். மண்டியே பார்த்தது. அப்பா சாகும்வரை மறைத்ததை அவள் அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டாள். ஏகாம்பரம் "முனியனா" என்று மெதுவாகச் சொன்னார். அவர் முகம் மாறியது. அன்றைய போன் அவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. ரிசீவரை என் கையில் கொடுத்தார்.

"நான் அஞ்சலை பேசறேன் சார்!"

தெபோராள் அத்தை சொல்லிக் கொடுத்த மாதிரியே அடித் தொண்டையிலிருந்து கத்தியிருக்கிறேன். அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, மெதுவாகப் பேசினாலே கேட்கிறதம்மா என்று சிரித்தார். முப்பது கேள்விகளில் இரண்டுதான் கேட்டார். மூன்றாவது எங்கள் நோட்டில் இல்லாதது. லைன் சரியில்லை, கிளையிலிருந்து பேசுகிறவர் சொல்வது உங்களுக்கு விளங்கவில்லை, என்ன செய்வீர்கள்? நான் யோசிக்கவில்லை. விளங்கும்வரை கேட்பேன் சார், விளங்காமல் போனை வைக்க மாட்டேன் என்றேன். ஆபரேட்டர் குறுக்கே வந்து மூன்று நிமிடம் முடிந்தது என்றார். இன்னும் மூன்று நிமிடம் கொடுங்கள் என்று அதிகாரி சொன்னது என் காதில் விழுந்தது.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. பயிற்சிக்குப் போனேன், அங்கேயே வேலையும் கொடுத்தார்கள். அன்று மண்டியில் அம்மா சொன்னதைக் கேட்ட ஒருவரும் எங்கேயும் எழுதிப் போடவில்லை. அப்படிப் போடுவார்கள் என்றுதான் அப்பா வாழ்நாளெல்லாம் பயந்தார். எனக்குப் பேச்சைக் கொடும் என்று கேட்டேன். ஆண்டவர் என்னோடு இரண்டு நாள் பேசாதிருந்தவளின் வாயைத் திறந்தார். நான் கேட்ட விதத்தில் அவர் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் எனக்கு வேலை மட்டும்தான் கிடைத்திருக்கும்.

போன் பேசி முடித்த பிறகு அம்மா ஏகாம்பரத்திடம் போய், "மூணு வருஷமா உங்க மேல கோவம் வெச்சிக்கினு இருந்தேன் அண்ணே, மன்னிச்சிக்குங்க" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். என்னிடம் மன்னிப்பைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது ஆபீஸில் என் மேசையிலேயே போன் இருக்கிறது. மணி அடித்தால் இன்றும் நெஞ்சு ஒரு தரம் நின்றுவிட்டுத்தான் ஓடும். அது போகவில்லை, போக வேண்டும் என்று நான் ஜெபிப்பதும் இல்லை. எனக்குத் தெரியாத பெயரைக் கேட்டு யாராவது பேசினால், அப்படி யாரும் இல்லை என்று சொல்லி வைத்துவிட எனக்கு வராது. இருங்கள் என்று சொல்லிவிட்டு மாடிக்கும் கீழுக்கும் போய்க் கேட்டுவிட்டு வருவேன். கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

இதைப் படிக்கிறவர்களே, உங்களில் யாருக்காவது சொல்லாமல் அமுக்கி வைத்த ஒரு விஷயம் இருக்குமானால், அது வெளியே வராமல் இருக்க வேண்டும் என்று ஜெபிக்காதீர்கள். அந்த ஜெபத்துக்கும் பதில் வரும், நான் பார்த்திருக்கிறேன். சொல்ல வேண்டியவரிடம் போய்ச் சொல்லுங்கள். அவர் பேசாமல் போனாலும் போகட்டும். மீதியை ஆண்டவரிடம் விட்டுவிடுங்கள், அவர் எதையும் பாதியில் விடுகிறவர் அல்ல.

மெட்ராஸுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மா ஒரு சின்ன டப்பா கறுப்புப் பெயின்ட்டும் பிரஷ்ஷும் வாங்கி வந்தாள். வா என்று மட்டும் சொல்லி முன்னால் நடந்தாள். கல்லறைத் தோட்டத்தில் அப்பாவின் சிமென்ட் சிலுவையில் சாலமோன் என்ற பெயர் பாதி அழிந்திருந்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிரஷ்ஷை என்னிடம் நீட்டினாள்.

"உங்கப்பன் பேரு ரெண்டையும் நீயே எழுது" என்றாள்.

எழுதினேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது. அவள் என் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, பெயின்ட் வழிந்த இடத்தையெல்லாம் தன் முந்தானையால் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.